ஏழாம் தெருவுக்கு அழைப்பில்லை

காலை முதல் மணி அடித்ததும் செண்பகவல்லியின் வீட்டிற்கு அன்றைய காற்று வந்து சேர்ந்தது. சுவரிலிருந்த குழாயின் வாய் மெல்லச் சீறி அடங்கிற்று. "இன்றைய மூச்சு, ஒருவருக்கு, முழு அளவு. பெற்றுக்கொண்டீர்களா?" என்று அவள் காதிற்குள் ஒரு குரல் வினவியது. அவள் கண்ணைத் திறவாமலே வலக்காதின் மடலை ஒருமுறை தட்டினாள். ஒரு தட்டு என்றால் சம்மதம்.

அதே குரல் தொடர்ந்து, "தங்கள் இரண்டாம் குகையின் குடியிருப்போர் கூட்டம் வரும்..." என்று தொடங்கியது. அவள் மடலை இருமுறை தட்டினாள். இரண்டு தட்டு என்றால், 'பிறகு பார்க்கலாம்' என்று பொருள். குரல் பணிவோடு ஓய்ந்தது. செண்பகவல்லி எழுந்து பல் துலக்கப் போனாள்.

நிலவின் தென்முனையில், முன்னொரு காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த நெடுங்குகைகள் ஆறு உண்டு. வெயிலே படாத பள்ளங்களில் உறைந்து கிடக்கும் பனியைத் துளைத்தெடுக்க வந்த தொழிலாளர்களுக்காக, அந்தக் குகைகளுக்குள் வாடகை வீடுகளைக் கட்டிக் கொடுத்திருந்தது நிலவுக் குடியமைப்பு வாரியம். அங்கே சொந்த வீடு என்பது ஒருவருக்கும் கிடையாது. காற்று, நீர், கதவு, விளக்கு, அறிவிப்பு ஆகிய அனைத்தையும் குகைக்கு ஒன்றாக அமைந்த மனையறிவி என்னும் எந்திர மூளை கவனித்துக்கொண்டது. அது பேசுவதைக் கேட்பதற்காக, ஒவ்வொருவர் காதின் பின்புறத்திலும் அரிசிமணி அளவில் ஒரு செவிமணி பதிக்கப்பட்டிருந்தது. நாளொன்றுக்கு நூறு அறிவிப்பாவது வரும். ஆகவே, அங்கே பிறந்த குழந்தைகள் 'அம்மா' என்று சொல்லக் கற்பதற்கு முன்பே காதை இருமுறை தட்டக் கற்றுக்கொண்டன.

செண்பகவல்லி குடியிருந்தது இரண்டாம் குகையில். பணியாற்றியது ஐந்தாம் குகையில். அவளுடைய பதவியின் பெயர் 'பங்கேற்பு ஊக்குநர்'. குடியிருப்போரைக் கூட்டங்களுக்கு வரவழைப்பதும், தங்கள் குடியிருப்பைப் பற்றிய முடிவுகளில் அவர்களைக் கலந்துகொள்ளச் செய்வதும் அவளுடைய வேலை. அந்த வேலையில் அவள் பதினோராண்டு அனுபவம் பெற்றவள். அதில் இதுவரை ஒருமுறைகூட வெற்றி பெற்றதில்லை.

குகைவண்டியில் அமர்ந்து, ஐந்து நாளில் நடக்கவிருந்த கூட்டத்தில் தான் ஆற்ற வேண்டிய உரையை அவள் மனத்திற்குள் கோத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஐந்தாம் குகையின் மனையறிவி, "ஏழாம் தெரு தொடர்பாகத் தங்களிடம் ஒரு வினா..." என்றது. நல்ல வாக்கியம் ஒன்று பிடிபடும் நேரம். அவள் காதை இருமுறை தட்டினாள். அலுவலகத்தில் நுழைந்ததும் மறுபடியும் அதே வினா. மறுபடியும் இரண்டு தட்டு. நண்பகலில், இட்லித் துண்டைச் சட்னியில் தோய்க்கும்போது மூன்றாம் முறை. விரல் ஈரமாக இருந்தமையால் புறங்கையால் தட்டினாள்.

அவள் மேசையின்மேல் ஒரு சல்லடை இருந்தது. வருவோர் போவோரெல்லாம் அதை விசித்திரமாகப் பார்ப்பார்கள். அதன் வரலாறு இதுதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவள் மூன்றாம் குகையில் பணியாற்றினாள். அப்பொழுது வாரியம் 'பொருத்தத் திட்டம்' என்ற ஒன்றை முன்மொழிந்தது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு குடும்பத்திலும் எத்தனை பேர் என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு மிகச் சரியாகப் பொருந்தும் வீட்டிற்கு அவர்களை மாற்றுவது அதன் சாரம். ஒரு சதுர அடியும் வீணாகாது. குடியிருப்போர் விரும்பாவிட்டால் கூட்டம் கூட்டி மறுக்கலாம். ஆனால், கூட்டத்தில் குறைந்தது இருநூறு பேர் நேரில் இருந்தாக வேண்டும். அடுத்தடுத்து மூன்று கூட்டங்களில் இருநூறு பேர் சேரவில்லையென்றால், குடியிருப்போர் சம்மதித்துவிட்டதாகக் கொள்ளப்படும். மூன்றாம் குகையில் மூன்று கூட்டத்திற்கும் சேர்த்தே எண்பது பேர்தாம் வந்தனர்.

இப்போது அந்தக் குகையில் யாரும் பெட்டியை முழுவதும் பிரிப்பதில்லை. அடுத்த வீட்டில் யார் என்று கேட்டால், கதவில் ஒட்டிய எண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். அவள் அங்கிருந்து மாற்றலாகி வந்த நாளில், ஒரு பெண் கையில் சல்லடையுடன் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதாம். திருப்பிக் கொடுப்பதற்குள் பக்கத்து வீடே எங்கோ போய்விட்டது. கால் ஓய்ந்த அந்தப் பெண், "நீங்களே வச்சுக்கங்க மேடம். யாராவது தேடிக்கிட்டு வந்தா குடுத்துடுங்க" என்று சொல்லிச் செண்பகவல்லியிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒருவரும் தேடி வரவில்லை.

அதே பொருத்தத் திட்டம் இப்போது ஐந்தாம் குகைக்கு வந்திருந்தது. இரண்டு கூட்டங்கள் கூடாமலே கலைந்துவிட்டன. மூன்றாவதுதான் ஐந்து நாளில் வரவிருந்த கூட்டம். இன்னொரு சல்லடையைச் சுமக்கத் தன்னால் ஆகாது என்று செண்பகவல்லி உறுதியாக எண்ணியிருந்தாள்.

அவள் செய்யாத முயற்சி இல்லை. அறிவிப்பின் குரலை ஆண்குரலாக்கிப் பார்த்தாள். குழந்தையின் மழலையாக்கிப் பார்த்தாள். கூட்டத்திற்கு வருவோருக்குச் சுண்டல் என்றாள். சிறந்த பங்கேற்பாளருக்கு விருது என்று ஒன்றை ஏற்படுத்தினாள். விருது பெற்றவர் விழாவிற்கு வரவில்லை. மற்றக் குகைகளில் ஏதேனும் வழி கண்டிருக்கிறார்களா என்று மனையறிவியைக் கேட்டாள். வாரத்திற்கு ஒருமுறை ஆறு குகைகளின் மனையறிவிகளும் தாம் கற்ற பாடங்களை ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்வது வழக்கம்.

"இது குறித்து ஒரு குகையிலும் பாடம் எதுவும் இல்லை, அம்மா. நாங்கள் அறுவரும் இந்த இடத்தில் வெற்றுப் பக்கம்தான் வைத்திருக்கிறோம்" என்றது மனையறிவி.

கூட்ட நாள் வந்தது. மூன்றாம் மணிக்குப் பொதுமுற்றத்தின் கதவுகள் திறந்தன. இருநூற்று நாற்பது நாற்காலிகள் வரிசையாகக் காத்திருந்தன. வாயிலின் மேலே, உள்ளே வருவோரை எண்ணிக் காட்டும் பலகை மின்னியது. அது முப்பத்து நான்கு வரை விரைவாக ஏறியது. பிறகு அங்கேயே நின்றுவிட்டது.

முப்பத்து நால்வரில் பத்துப்பேர் எப்போதும் வருபவர்கள். சுண்டலுக்காக வருபவர் சிலர். ஆரோக்கியசாமி என்னும் குழாய்ப் பணியாளர் இரண்டு வகையிலும் சேர்ந்தவர். அவர் முன்வரிசையில் அமர்ந்து, மடியில் சுண்டல் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வராததற்குத் தாமே பொறுப்பு என்பது போன்ற முகத்தோடு செண்பகவல்லியைப் பார்த்தார்.

மூன்றாம் மணிக்குத் தொடங்கும் கூட்டத்தை ஐந்தாம் மணி அடிக்கும்வரை நடத்தலாம் என்பது விதி. அதுவரை கதவும் திறந்திருக்கும், எண்ணிக்கையும் ஏறலாம். ஆகவே, செண்பகவல்லி காலத்தை நீட்டினாள். வரவேற்புரையை இருமுறை நிகழ்த்தினாள். சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நான்காம் மணியும் அடித்தது.

"அம்மா," என்றார் ஆரோக்கியசாமி இரக்கத்தோடு, "போன கூட்டத்துல என்ன நடந்துச்சுன்னு எங்களுக்கே தெரியும். ஒண்ணும் நடக்கல."

சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். சிரித்தபடியே குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து மேசையின்மேல் வைத்திருந்த சல்லடையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே, கூட்டம் முடிந்தது என்று சொல்லும் வாக்கியத்தை மனத்திற்குள் தேடினாள்.

அவ்வேளையில்தான் தெருக்கோடியில் ஓர் இரைச்சல் கேட்டது.

நடந்ததை அவள் பின்னர் கேட்டறிந்தாள். ஏழாம் தெரு முழுவதும் பனித்துளைப்பவர்கள். அவர்கள் எந்தக் கூட்டத்திற்கும் வந்ததில்லை. நான்காம் மணிக்குச் சுரங்கத்தை விட்டு ஏறி, உடுப்பு கழுவும் கூடத்தில் வரிசையில் நின்று, மேலுடுப்பில் ஒட்டிய தூசியை உதறுவார்கள். அங்கே வேலை பார்க்கும் ஆறாம் தெருப் பெண் ஒருத்தி அன்று சலித்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து 'கூட்டத்துக்கு வாருங்கள், கூட்டத்துக்கு வாருங்கள்' என்று செவிமணி தன் காதைத் துளைத்துவிட்டதாம். வரிசையில் நின்ற முத்துப்பேச்சி என்பவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏழாம் தெருவில் யார் வீட்டில் எது நடந்தாலும் முதலில் அறிபவள் அவள்.

"எனக்கு ஒண்ணும் வரலியே" என்றாள்.

பின்னால் நின்றவனைக் கேட்டாள். அவனுக்கும் வரவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவனுக்கும் வரவில்லை. வரிசையின் கடைசி வரைக்கும் கேள்வி போய்த் திரும்பியது. முதல் தெருவிலிருந்து ஆறாம் தெரு வரைக்கும் அழைப்புப் போயிருக்கிறது. ஏழாம் தெருவில் ஒருவருக்கும் இல்லை. அதற்குப் பிறகு அங்கே யாரும் தூசியை உதறவில்லை. வீட்டிலிருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு அப்படியே புறப்பட்டார்கள்.

நிலவில் கோபத்தோடு நடப்பது எளிதன்று. பூமியின் எடையில் ஆறில் ஒரு பங்குதான் அங்கே. காலை ஓங்கி வைத்தால் உடல் மேலெழும்பிவிடும். மேலெழும்பிய ஆள் மெதுவாக இறங்கும்வரைக்கும் கோபத்தை முகத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். பொதுமுற்றத்தின் வாயிலில் செண்பகவல்லி கண்ட காட்சி அதுதான். நூற்று எழுபது எண்பது பேர், தலையிலும் தோளிலும் சாம்பல்நிறத் தூசியோடு, எழும்பி எழும்பி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அனைவருக்கும் முன்னால் வந்தவர் துளைப்பணி மேலாளர் கோமதிநாயகம். அவர் வாயிலைத் தாண்டும்போது தலை கதவு நிலையில் இடித்தது. அதற்கும் சேர்த்து அவர் சினந்தார்.

வாயிலின் மேலிருந்த பலகையில் எண் ஏறத் தொடங்கியது. அதை அவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை. செண்பகவல்லி மட்டும் பார்த்தாள்.

"இங்க யாரு பொறுப்பு?" என்றார் கோமதிநாயகம்.

"நான்தான், அண்ணாச்சி."

"நாங்க என்ன, நிலாவுக்கு வெளியவா குடியிருக்கோம்? ஆறு தெருவுக்கும் சொல்லியாச்சு. ஏழாவது தெரு கண்ணுக்குத் தெரியலையோ?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மனையறிவி, ஏழாம் தெருவுக்கு அழைப்பு அனுப்பினாயா?" என்று உரக்கக் கேட்டாள். பொதுமுற்றத்தில் மனையறிவி கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் பேசும். எல்லோரும் அண்ணாந்து பார்த்தனர்.

"அனுப்பவில்லை, அம்மா. ஏழாம் தெருவினர் தொடர்ந்து அறுபது அழைப்புகளைத் திறவாமலே ஒத்திப்போட்டனர். இனி அவர்களைத் தொல்லைப்படுத்தாமல் விட்டுவிடலாமா என்று தங்களை மூன்று முறை வினவினேன். மூன்று முறையும் தாங்கள் ஒத்திப்போட்டீர்கள். மூன்று முறை ஒத்திப்போட்டால் அதைச் சம்மதமாகக் கொள்ள வேண்டும் என்பது வாரியம் எனக்கு இட்ட விதி."

செண்பகவல்லியின் நாக்கில் அன்றைய சட்னியின் உறைப்பு மீண்டும் தட்டுப்பட்டதுபோல் இருந்தது. எந்திரத்தின் பிழை என்று சொல்லித் தப்பிக்கலாம். எல்லாரும் நம்பவும் செய்வார்கள். அவள் பதினோராண்டாகக் குடியிருப்போரைத்தான் குறை கூறி வந்தாள், வாய்விட்டு அல்ல, மனத்திற்குள்.

"தப்பு என்னுடையதுதான், அண்ணாச்சி" என்றாள். "அது கேட்டுச்சு. நான் காது கொடுக்கலை." சொல்லிவிட்டு, வலக்காதின் மடலை இருமுறை தட்டிக் காட்டினாள்.

அந்தச் சைகையை அறியாதவர் அங்கே ஒருவருமில்லை. சிலர் தரையைப் பார்த்தனர். கூட்டத்தின் நடுவில் ஒருவர், பாதி தூக்கிய கையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டார். அவருக்கு அந்த நேரத்தில் ஏதோ அறிவிப்பு வந்திருக்க வேண்டும்.

"அறுபது தடவை சொல்லிருக்குல்லா?" என்றார் ஆரோக்கியசாமி, சுண்டலை மென்றுகொண்டே, ஏழாம் தெருவைப் பார்த்து. "அப்பல்லாம் எங்க போயிருந்தீக?"

முத்துப்பேச்சி முன்னே வந்தாள். "அது சொல்லிச்சு. சொல்றது வேற, கூப்பிடறது வேற. தண்ணி வரும்னு சொல்லுது, கதவ மூடுன்னு சொல்லுது, அதே மாதிரி கூட்டம்னும் சொல்லுது. வாசல்ல வந்து நின்னு, ஏ முத்துப்பேச்சி, நீ வந்தாத்தான் ஆகும்னு ஒரு ஆளு கூப்பிட்டதுண்டா? அதோட மூணாம் மணிக்குக் கூட்டம் வச்சா நாங்க எப்படி வர? நாலாம் மணிக்குத்தான நாங்க சுரங்கத்த விட்டு ஏறுதோம்?"

செண்பகவல்லி எண்ணிப் பார்த்தாள். பதினோராண்டாகச் சுண்டலின் காரத்தைக்கூட மாற்றிப் பார்த்தவள், நேரத்தை மாற்றிப் பார்க்கவில்லை. மூன்றாம் மணி என்பது அவளுடைய அலுவலக நேரத்திற்கு வசதியானது.

"சரி, அது கெடக்கட்டும்" என்றார் கோமதிநாயகம், சற்றே தணிந்து. "எங்கள விட்டுட்டு அப்படி என்னதான் பேசினீங்க? மேசையில சல்லடை எதுக்கு?"

எத்தனையோ நாள் கோத்து வைத்திருந்த உரை அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அது நல்லதாயிற்று. அவள் சல்லடையைக் கையில் எடுத்து, மூன்றாம் குகையில் அதைச் சுமந்து அலைந்த பெண்ணைப் பற்றிச் சொன்னாள். பெட்டியைப் பிரிக்காத குடும்பங்களைப் பற்றிச் சொன்னாள். இன்று ஐந்தாம் மணிக்குள் இருநூறு பேர் கூடி மறுக்காவிட்டால், அடுத்த மாதம் இங்கேயும் பெட்டி கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னாள். நீட்டி முழக்கவில்லை. நேரமும் இல்லை.

கோமதிநாயகம் சல்லடையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "என் வீட்டுப் பின்சுவத்துப் பாறையில, நானே ராத்திரி பகலா கையால குடைஞ்சு ஒரு மாடம் வச்சிருக்கேன். அதுல ஒரு கறிவேப்பிலைக் கன்னு. ஒம்பது வருசம் ஆச்சு, இப்பத்தான் நாலு கொத்து வாசமா வருது. அத எவன் வீட்டுக்கு விட்டுட்டுப் போக?"

"பின்சுவரில் மாடம் குடைந்ததாகப் பதிவேட்டில் இல்லை" என்றது கூரையிலிருந்து மனையறிவி. "இது விதிமீறல் ஆகலாம். பதிவு செய்யட்டுமா, அம்மா?"

எல்லாருடைய கண்களும் செண்பகவல்லியின் மேல் திரும்பின. அவள் அவர்களைப் பார்த்தவாறே காதை நிதானமாக இருமுறை தட்டினாள். முற்றம் சிரிப்பால் அதிர்ந்தது. கோமதிநாயகமும் சிரித்தார்; சிரித்த வேகத்தில் ஓரடி மேலே எழும்பினார்.

பலகையில் எண் இருநூற்றுப் பதினொன்று. பொருத்தத் திட்டத்தை ஏற்போர் கை தூக்கலாம் என்றபோது ஒரு கையும் எழவில்லை. மறுப்போர் என்றபோது எழுந்த கைகளிலிருந்து உதிர்ந்த தூசி, நிலவின் வழக்கப்படி வெகுநேரம் விளக்கொளியில் மிதந்து மெல்ல மெல்ல இறங்கியது. ஐந்தாம் மணி அடித்தபோது ஒருவரும் எழுந்து போகவில்லை. ஏழாம் தெருவின் வடகோடிக் குழாயில் நீர் சொட்டுவதைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆரோக்கியசாமி தம் பொட்டலத்தைப் பக்கத்தில் அமர்ந்திருந்த துளைப்பவரிடம் நீட்டி, அந்தக் குழாயை நாளைக்கே வந்து பார்ப்பதாக வாக்களித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதத்திலிருந்து கூட்டம் ஐந்தாம் மணிக்கு மாறியது. தெருவுக்கு இருவராகப் பதினான்கு பேர், கூட்டத்திற்கு முந்திய நாள் வீடுவீடாகப் போய் வாசலில் நின்று அழைத்தார்கள். ஏழாம் தெருவுக்கான இருவரில் ஒருத்தி முத்துப்பேச்சி. அவள் அழைத்த பிறகு வராமல் இருப்பதைவிட வந்துவிடுவதே எளிது என்று அந்தத் தெருவில் பேசிக்கொண்டார்கள். இருநூற்று நாற்பது நாற்காலி போதவில்லை.

அந்த வாரக் கடைசியில் மனையறிவி செண்பகவல்லியிடம் ஒரு வினா எழுப்பியது. இந்த முறை அவள் காதைத் தட்டவில்லை, முழுவதும் கேட்டாள்.

"அம்மா, நிகழ்ந்தவற்றை ஆராய்ந்தேன். அழைப்புப் பெற்ற ஆயிரத்து எண்பது பேரில் வந்தவர்கள் முப்பத்து நால்வர். அழைப்புப் பெறாத நூற்றெண்பது பேரில் வந்தவர்கள் நூற்று எழுபத்தெழுவர். ஆகவே, மாதம் ஒரு தெருவை அழைக்காமல் விட்டுவிடலாம் என்று கருதுகிறேன்."

"அது ஏமாற்று" என்றாள் அவள் கண்டிப்பாக. "வீடு தேடிப் போய்க் கூப்பிட்டதால்தான் இப்போது வருகிறார்கள். அதைப் பாடமாக எழுது. அழைக்காமல் விடும் வேலையை இந்தக் குகையில் நீ ஒருநாளும் செய்யக்கூடாது."

"இந்தக் குகையில் செய்யமாட்டேன். இரண்டையும் பாடமாக எழுதிக்கொள்கிறேன்" என்றது மனையறிவி.

இரண்டு மாதம் கழிந்தது. ஒரு விடுமுறை நாளின் நான்காம் மணி. செண்பகவல்லி இரண்டாம் குகையில், தன் வீட்டில், காலை நீட்டி அமர்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். திறந்திருந்த கதவு வழியே பக்கத்து வீட்டு ஜைனம்பு மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது.

"எங்கே, ஜைனம்பு?"

"கூட்டத்துக்குத்தான்க்கா. நம்ம குகைக் கூட்டம். ஏதோ பொருத்தத் திட்டமாம், நமக்கும் கொண்டு வர்றாங்களாம். உங்களுக்குச் சேதி வந்திருக்குமே? இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிக்கொண்டே அவள் போய்விட்டாள்.

செண்பகவல்லியின் கை தலையிலேயே நின்றது. சேதி வரவில்லை. இன்று வரவில்லை; நேற்றும் வரவில்லை. எண்ணிப் பார்த்தால் ஒரு மாதமாகவே காலையில் காற்றுக்கு ஒரு தட்டுத் தட்டியதோடு சரி. அதையடுத்து வரும் கூட்டச் சேதிக்கு இரண்டு தட்டுத் தட்ட வேலை இருக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் குகையில் பதினோராண்டாக வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவள். பங்கேற்பையே தொழிலாகக் கொண்டவள். அவளை மட்டும் விட்டுவிட்டார்கள். எண்ணெய் வழியும் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் தெருவில் இறங்கினாள். முதல் அடியிலேயே ஓரடி உயரம் எழும்பினாள்.

தெருவின் பாதியில், காற்றில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, அவளுக்கு உறைத்தது.

"மனையறிவி," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னை ஏன் கூப்பிடவில்லை?"

"வணக்கம், அம்மா" என்றது இரண்டாம் குகையின் மனையறிவி. "கடந்த பதினோராண்டில் தாங்கள் நூற்று முப்பத்திரண்டு கூட்ட அழைப்புகளை ஒத்திப்போட்டிருக்கிறீர்கள். தங்களைப் போன்றோர் இந்தக் குகையில் இருநூற்று அறுபது பேர். ஐந்தாம் குகையிலிருந்து எங்களுக்கு இரண்டு பாடங்கள் வந்தன. முதலாவது, வீடு தேடிச் சென்று அழைப்பது. எனக்குக் கால்கள் இல்லாமையால் இரண்டாவதைக் கைக்கொண்டேன்."

சிரிப்பதா, சினப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கேயே திரும்பி வீட்டிற்குப் போய்விடலாம். எண்ணெய்த் தலையோடு கூட்டத்திற்குப் போவது அழகன்று. ஆனால், கால்கள் நிற்கவில்லை. அவை நியாயம் கேட்கப் புறப்பட்ட கால்கள். இந்த எந்திரத்திற்கு இப்படியொரு தந்திரத்தை அனுமதித்தவர் யார் என்பதைக் கூட்டத்தில்தானே கேட்க முடியும்? முத்துப்பேச்சியைப் போல் இருவர் இந்தக் குகையிலும் கிடைத்துவிட்டால், அடுத்த மாதம் இதற்கு இந்தத் தந்திரமே தேவைப்படாது. அதையும் அங்கேதான் சொல்ல முடியும்.

பொதுமுற்றத்தின் வாயிலில் பெருங்கூட்டம். ஒருவர் முகச்சவரம் பாதியில் நிற்க வந்திருந்தார். ஒருத்தி கையில் மாவு ஒட்டியிருந்தது. முன்பின் அறியாத அண்டைவீட்டார்கள் எழும்பி எழும்பி இறங்கி, ஒரே கேள்வியை உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டவாறே ஒருவரையொருவர் யார், எந்தத் தெரு என்று விசாரிக்கவும் தொடங்கியிருந்தார்கள். உள்ளே மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்த ஜைனம்பு அவளைக் கண்டு கையசைத்தாள்.

அந்தக் கேள்விக்கு விடை அறிந்தவள் அங்கே செண்பகவல்லி ஒருத்திதான். அப்படியிருந்தும் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போய், எல்லாரையும்விட உரத்த குரலில், "எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

வாயிலின் மேலிருந்த பலகையில் எண் ஒன்று கூடியது.